உதடு தெரிகிற அளவு வெளிச்சம்

ஹாரன் வாங்கி வந்த நெற்றி விளக்கு, பெட்டியைப் பிரித்த பத்தாவது நிமிஷத்தில் வீட்டில் இருந்த இரண்டு பேரின் கண்ணையும் பறித்துவிட்டது.

ஹாரன் என்பது பணிமனைக்காரர்கள் வைத்த பெயர். நகரப் பேருந்து ஓட்டுகிறவன். வண்டியில் ஹாரன் வேலை செய்யாவிட்டால் பரவாயில்லை, ஜன்னல் வழியாக இவன் வாயைத் திறந்தால் போதும், எதிரில் வருகிறவன் தானாக ஒதுங்குவான் என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவன் மனைவி திரைச்சீலை தைக்கும் கூடத்தில் துணி வெட்டுகிறவள். அங்கே சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் கத்தரியக்கா. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர்கள் இருவருக்கும் உண்டு, அடையாள அட்டையில் பத்திரமாகத் தூங்குகின்றன. நமக்கு ஹாரனும் கத்தரியும் போதும்.

பணிமனையின் ஓட்டுநர் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து, மலையடிவாரத்து ஏரிக்கரையில் இரண்டு நாள் கூடாரம் போட்டுத் தங்குவது என்று முடிவாகியிருந்தது. நெருப்பு மூட்டக் கூடாது, விளக்கு அவரவர் பொறுப்பு என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். விளக்கு என்றால் ஹாரனுக்குத் தெரியாததா? இருபது வருஷம் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டியவன். கடைக்குப் போனான், இருப்பதிலேயே தூரமாக அடிப்பது எது என்று ஒரே கேள்வி கேட்டான், அதையே இரண்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

அந்த வீட்டில் பகலில்கூட இருட்டை வரவழைக்கலாம். கூடத்தில் மிஞ்சிய தடித்த துணியில் கத்தரி தைத்துப் போட்ட திரை இருந்தது. அதை இழுத்துவிட்டால் சாயங்காலம் ஐந்து மணியும் நடுச்சாமமும் ஒன்றுதான். ஹாரன் திரையை இழுத்தான், பட்டையை நெற்றியில் மாட்டினான், பொத்தானை அமுக்கினான், மனைவி பக்கம் திரும்பி என்னவோ சொன்னான்.

"என்ன சொல்றீங்க?" என்றாள் கத்தரி, கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு. "எனக்கு ஒரு சூரியன் தெரியுது. அதுக்குக் கீழ ஒரு சட்டை தெரியுது. வாய் எங்க இருக்கு?"

கத்தரிக்குக் காது கேட்காது. இரண்டு வருஷத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சல் போகும்போது இரண்டு காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. எதிராளியின் உதட்டைப் பார்த்துத்தான் அவளுக்குப் பேச்சு. அது அவளுக்குப் பெரிய வித்தையாகவும் இருக்கவில்லை. முப்பது தையல் மெஷின் ஒன்றாக ஓடும் கூடத்தில் யாருக்குத்தான் காது கேட்கும்? அங்கே எல்லாப் பெண்களும் பல வருஷமாக உதட்டைப் பார்த்தே வம்பு பேசிப் பழகியவர்கள். ஆனால் உதட்டைப் பார்க்க வெளிச்சம் வேண்டும். வெளிச்சத்தை நெற்றியில் வைத்துக்கொண்டு பேசுகிறவனின் உதட்டை யாரால் பார்க்க முடியும்?

ஹாரனுக்கு விஷயம் புரிந்தது. விளக்கைக் கழற்றித் தன் மோவாய்க்குக் கீழே பிடித்துப் பேசிப் பார்த்தான். பேய் மாதிரி இருந்தான். கத்தரி சிரித்த சிரிப்பில் அவனுக்கும் பேச்சு நின்றுபோனது. பிறகு இரண்டாவது விளக்கை எடுத்து அவள் நெற்றியில் மாட்டி, அதைப் போட்டுவிட்டான். தன்னுடையதை அணைக்க மறந்துவிட்டான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்த கணத்தில் இருவருக்கும் பார்வை போயிற்று. ஹாரனின் கை தானாக இல்லாத ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் டிம் பண்ணும் குமிழைத் தேடியது.

தன் விளக்கை அணைத்த பிறகு அவள் விளக்கு அவன் முகத்தில் விழுந்தது. இப்போது உதடு தெளிவாகத் தெரிந்தது. ஏன், மீசையில் ஒளித்து வைத்திருந்த நரைகூடத் தெரிந்தது. அவன் கண்ணை இறுக்கிக்கொண்டு இரண்டு கையையும் தூக்கினான்.

"நான் ஒரு தப்பும் பண்ணலீங்கய்யா, விட்டுடுங்க," என்றான்.

கத்தரி சிரித்தாள். சிரித்துக்கொண்டே விளக்கைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள். உள்ளே மட்டும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இதோ, விளக்கைப் போட்டதும் வந்துவிட்டானே பகல்காரன் என்று இருந்தது.

அதைச் சொல்லத்தான் வேண்டும். கத்தரி கட்டிக்கொண்டது ஒருவனை, குடித்தனம் நடத்தியது இரண்டு பேரோடு. பகலில் இருக்கிறவன் ஹாரன். ஊர் வம்பு, கேலி, பாதிப் பொய், எதைக் கேட்டாலும் ஒரு சிரிப்பு. விளக்கை அணைத்துப் படுத்த பிறகு வருகிறவன் வேறு. அவன் மெதுவாகப் பேசுவான். பந்துக்குப் பின்னால் ஓடிவந்த குழந்தைக்கு முன்னால் பிரேக் போட்ட கதையைப் பகலில் ஹாரன் எல்லோரிடமும் நடித்துக் காட்டுவான், கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அதே கதையை ராத்திரி இவன் சொன்னபோது, வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுததும் அதில் இருந்தது. நீ இல்லாவிட்டால் நான் என்ன ஆவேனோ என்று அவன் சொன்னதெல்லாம் இருட்டில்தான். வெளிச்சத்தில் அந்த வார்த்தை அவன் வாயில் வராது, தலைகீழாக நின்றாலும் வராது.

காது போனதும் கத்தரிக்கு அந்த ராத்திரிக்காரனும் போனான். விளக்கு எரிந்தால் ஹாரன் இருப்பான், விளக்கை அணைத்தால் யாருமே இல்லை. ஒருநாள் படுக்கையறை விளக்கை அணைக்காமல் அவன் எதிரே உட்கார்ந்து, "ஏதாவது பேசுங்க, முன்ன மாதிரி," என்று கேட்டுப் பார்த்தாள். அவன் திருதிருவென்று விழித்து, பேருந்தில் ஏறிய ஆட்டுக்குட்டிக்கு நடத்துனர் அரை டிக்கெட் கிழித்த கதையைச் சொன்னான். நல்ல கதைதான். அவள் அன்றைக்கு நெடுநேரம் தூங்கவில்லை. இருட்டில் பக்கத்துத் தலையணை லேசாக அதிர்வது அவள் கன்னத்துக்குத் தெரியும். தினமும் கொஞ்ச நேரம் அதிரும், பிறகு நிற்கும். குறட்டை விடுகிறான், கொடுத்து வைத்தவன் என்று நினைத்துக்கொள்வாள்.

இன்னொரு முள்ளும் இருந்தது. காது போன வாரம், மருத்துவர் சோதனையெல்லாம் முடித்துவிட்டு ஹாரனைப் பார்த்து நெடுநேரம் பேசினார். மருத்துவரின் முகத்தில் முக்கால்வாசியை, வாயோடு சேர்த்து, முகக்கவசம் மறைத்திருந்தது. ஹாரனின் முகம் மட்டும் அவளுக்குத் தெரிந்தது, அது வெளுத்துக்கொண்டே போயிற்று. வெளியே வந்ததும் என்ன சொன்னார் என்று கேட்டாள். மருந்துச் சீட்டின் பின்பக்கம் அவன் எழுதிக் காட்டினான்: நல்லா ஓய்வு எடுக்கணுமாம். அவ்வளவு நேரம் பேசியதற்கு மூன்று வார்த்தை. பிறகு இரண்டு முறை கேட்டாள், இரண்டு முறையும் ஒரு வேடிக்கைதான் பதிலாக வந்தது. அந்தச் சீட்டை ஊசி டப்பாவின் மூடிக்குள் மடித்து வைத்திருந்தாள், ஏனென்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

வீட்டில் ஒரு விளக்கை எரிய விடச் சொன்னால் ஹாரன் ஆயிரம் கேட்பான். கூடாரத்தில் விளக்கு இருப்பது சகஜம். அங்கே அவன் கூச்சப்படாத அளவு இருட்டும், அவளுக்கு உதடு தெரிகிற அளவு வெளிச்சமும் ஒன்றாகக் கிடைத்தால் ராத்திரிக்காரன் திரும்பி வருவானோ என்னவோ. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு இப்படி ஒரு யோசனை வந்தது. மறுநாள் மதியம் கூடத்தில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு, நெற்றி விளக்கைப் பெட்டியோடு பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள்.

கூடாரக் கடையில் ஒரே ஒரு பெண்தான் இருந்தாள். நெடுநெடுவென்று உயரம், கழுத்தில் திசைகாட்டி தொங்கியது. மலை, ஓடை, பனி, கரடி என்று அவள் பேசுவதைக் கேட்டால் பிறந்ததே காட்டில்தான் என்று தோன்றும். கடைக்காரி என்று வைத்துக்கொள்வோம்.

"இத மாத்திக் குடுங்க," என்றாள் கத்தரி. "எனக்குக் காது கேக்காது. நேரா பாத்துப் பேசுங்க, போதும். கத்த வேணாம்."

கடைக்காரி விளக்கைப் புரட்டிப் பார்த்தாள். "அக்கா, இது நல்ல விளக்குக்கா. எதிர்மலையில இருக்கிற கல்லுகூடத் தெரியும்."

"எனக்குக் கல்லு வேணாம். பக்கத்துல படுத்திருக்கிற ஆளோட உதடு தெரியணும். அவருக்கு வெளிச்சம் இருக்கிறதே தெரியக்கூடாது."

இப்படி ஒரு தேவையை அந்தக் கடை அதுவரை கேட்டதில்லை. கடைக்காரி கடைக்கதவில் 'பத்து நிமிஷத்தில் வருகிறேன்' என்ற அட்டையைத் தொங்கவிட்டு, கூடை நிறைய விளக்குகளை அள்ளிக்கொண்டு பின்பக்கம் கூட்டிப் போனாள்.

அங்கே ஜன்னலே இல்லாத ஓர் அறை இருந்தது. விளக்கு வாங்க வருகிறவர்கள் இருட்டில் போட்டுப் பார்ப்பதற்காகச் சுவருக்கெல்லாம் கறுப்புச் சாயம் அடித்து, நடுவில் ஒரு கூடாரமும் போட்டு வைத்திருந்தார்கள். கதவைச் சாத்தினதும் வெளியே கொளுத்திக்கொண்டிருந்த மதியம் எங்கேயோ போயிற்று. கத்தரி கூடாரத்துக்குள் நுழைந்து பாயில் உட்கார்ந்தாள். தரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. காதும் இல்லை, கண்ணும் இல்லை. தண்ணீருக்குள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது, ஆனால் பயமாக இல்லை. இருட்டு இப்படி ஆளைத் தாங்கும் என்பதை அவள் மறந்தே போயிருந்தாள்.

எதிரே ஒரு விளக்கு எரிந்தது. கடைக்காரி கூடாரத்தின் உச்சியில் ஒரு லாந்தரைத் தொங்கவிட்டுவிட்டு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏதாவது பேசுங்க," என்றாள் கத்தரி.

ஏதாவது பேசு என்று சொன்னால் எவருக்குத்தான் பேச்சு வரும்? கடைக்காரி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். மேலிருந்து விழுந்த வெளிச்சத்தில் அவள் மூக்கின் நிழல் நேராக வாயின் மேல் கிடந்தது. ஏழும் எட்டும் அந்த நிழலில் காணாமல் போயின. கத்தரி தலையாட்டினாள், வேண்டாம்.

அடுத்தது சிவப்பு விளக்கு. "இது கண்ணக் கூசாதுக்கா, ஆமை முட்டை போடுறதப் பாக்கப் போறவங்க இதத்தான் வாங்குவாங்க," என்று அதைப் போடுவதற்கு முன்பே சொல்லிவிட்டாள் கடைக்காரி. நல்ல வேளை, முன்பே சொன்னாள். சிவப்பு பரவியதும் அவள் கண் தெரிந்தது, புருவம் தெரிந்தது, வாய் மட்டும் இல்லை. உதட்டின் நிறமும் முகத்தின் நிறமும் ஒன்றாகிக் கரைந்துவிட்டன. மோவாய் மட்டும் மேலும் கீழும் போய்வந்தது. கத்தரிக்கு அந்த மருத்துவரின் அறை ஞாபகம் வந்துவிட்டது. "அணைச்சிடுங்க," என்றாள். அவள் குரல் எவ்வளவு பெரிதாக வந்தது என்பது அவளுக்குத் தெரியாது. கடைக்காரி துள்ளி விழுந்தாள்.

மெழுகுவர்த்தி மாதிரி ஆடுகிற விளக்கு ஒன்று இருந்தது. அதில் நிழல் ஆடியதில் கடைக்காரி வாயை மூடிக்கொண்டிருக்கும்போதும் என்னவோ பேசுவது போலவே இருந்தது. "சும்மா இருக்கிறப்பவும் பேசுறீங்களே," என்றாள் கத்தரி. சாவிக்கொத்து விளக்கு, தொப்பி விளக்கு, சுற்றிச் சுற்றிச் சாவி கொடுத்தால் எரிகிற விளக்கு என்று கூடை காலியானது. கடைசியில் கூடையின் அடியில் கிடந்தது ஹாரன் வாங்கிய பழைய சூரியன்தான்.

"இருங்க, ஒரு வழி இருக்கு," என்று கடைக்காரி எழுந்து போய் ஒரு வெள்ளைத் தண்ணீர்க் கேனைத் தூக்கி வந்தாள். நெற்றிப் பட்டையை அதன் இடுப்பில் சுற்றி, விளக்கு உள்பக்கம் பார்க்க மாட்டி, இருப்பதிலேயே குறைந்த அளவில் போட்டாள். கேன் முழுக்கத் தண்ணீர் வெளுப்பாக எரிந்தது. அழகாகத்தான் இருந்தது. "காட்டுக்குப் போறவங்க எல்லாரும் இப்படித்தான் பண்ணுவாங்க."

உதடு பளிச்சென்று தெரிந்தது. ஆனால் ஆட்டுக்குட்டிக் கதை சொல்கிற அளவு வெளிச்சம் இது என்று கத்தரிக்குத் தோன்றியது. இன்னும் இறங்க வேண்டும். விளக்கு இதற்கு மேல் இறங்காது.

இறங்காத வெளிச்சத்தை இறக்குவதுதானே அவள் தொழில்! பையில் மாதிரித் துணிக்கொத்து கிடந்தது, வாடிக்கையாளர்களுக்குக் காட்ட எப்போதும் கிடக்கும். எந்தத் துணி எவ்வளவு வெயிலை விடும் என்பது அவள் விரலுக்கே தெரியும். ஒவ்வொரு துண்டாகக் கேனின் மேல் போட்டுப் பார்த்தாள். நீலம் முகத்தைச் செத்த முகமாக்கியது. பச்சை வேண்டவே வேண்டாம். பளபளப்புத் துணி ஓர் இடத்தில் விட்டு ஓர் இடத்தில் பிடித்தது. திரைக்கு உள்பக்கம் வைத்துத் தைக்கிற கோதுமை நிறத்து மெல்லிய பருத்தி ஒன்று உண்டு, யாரும் அதைத் துணியாகவே மதிப்பதில்லை. அதை ஒரு மடிப்பு போட்டாள். பிறகு இரண்டு மடிப்பு.

கூடாரம் ஏறக்குறைய இருட்டிவிட்டது. விடிவதற்கு முன்னால் ஜன்னலில் வருகிற அந்த முதல் சாம்பல், அவ்வளவுதான். குடத்திலிட்ட விளக்கு என்று பிரயோஜனமில்லாததைச் சொல்வார்கள். கத்தரிக்கு வேண்டியிருந்தது அந்தக் குடத்து விளக்குதான்.

"பேசுங்க."

கடைக்காரி எண்ணவில்லை. கழுத்துத் திசைகாட்டியை விரலால் உருட்டிக்கொண்டே, கத்தரியைப் பார்க்காமல் பேசினாள். "எனக்குக் காடுன்னா பயம்க்கா. நான் ஒரு ராத்திரிகூடக் கூடாரத்துல தூங்கினதில்ல. இங்க சொல்றதெல்லாம் வர்றவங்க சொல்லிட்டுப் போனது. இந்த வெளிச்சத்துல உங்களுக்கு எங்க தெரியப்போகுதுன்னுதான் சொல்றேன்."

"எனக்குப் புரிஞ்சிடுச்சு," என்றாள் கத்தரி.

கடைக்காரி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு இருவரும் சிரித்தார்கள், ஒருத்திக்குச் சத்தம் வந்தது, இன்னொருத்திக்கு வயிறு குலுங்கியது மட்டும் தெரிந்தது. மாற்ற வந்த விளக்கை மாற்றாமலே கத்தரி எடுத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கடைக்காரி வாசல்வரை வந்து கேட்டுக்கொண்டாள். அவள் சொல்லவில்லை, நான்தான் சொல்லிவிட்டேன்.

பெட்டி திரும்பி வந்ததைப் பார்த்து ஹாரன், "போன மச்சான் திரும்பி வந்தான் பூமணத்தோட," என்றான். கத்தரி கோதுமைத் துணியில் வீட்டுத் தண்ணீர்க் கேனுக்கு ஓர் உறை தைத்தாள், இரண்டு மடிப்பு, மேலே சுருக்குக் கயிறு. சட்டையா தைக்கிறாய் கேனுக்கு என்று கேட்டான். ஆமாம், குளிருமே என்றாள்.

ஏரிக்கரைக்கு அவர்கள் போன பேருந்தை அன்றைக்கு வேறொருவன் ஓட்டினான். ஹாரன் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் நின்றுகொண்டு வழியெல்லாம் அவனுக்குப் பிரேக் போடக் கற்றுக்கொடுத்தான். சாயங்காலம் பன்னிரண்டு கூடாரங்கள் தண்ணீரைப் பார்த்து வரிசையாக எழும்பின. பொழுது சாய்ந்ததும் எல்லோரும் வட்டமாக உட்கார, நடுவில் ஹாரன். எல்லோர் நெற்றியிலும் ஒரு விளக்கு. யார் எதைப் பார்க்கிறார்கள் என்பது அவரவர் வெளிச்சத்தில் தெரிந்தது. எல்லா வெளிச்சமும் அவன் மேல் இருந்தது. கத்தரிக்கு எல்லாப் பேச்சும் புரிந்தது, ஆட்டுக்குட்டி உட்பட. எல்லோரும் சிரித்த இடத்தில் அவளும் சிரித்தாள். ஏரி மட்டும் யாருக்கும் தெரியாமல் பக்கத்தில் கிடந்தது.

கூடாரத்துக்குள் வந்ததும் அவள் உறை போட்ட கேனைத் தன் தலைக்குப் பின்னால் வைத்தாள். வெளிச்சம் அவன் பக்கம் விழ வேண்டும், அவள் முகம் நிழலில் இருக்க வேண்டும். அந்த இடத்தைக் கூடத்து மேஜையில் தேநீர்க் கோப்பையையும் எண்ணெய்ப் புட்டியையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தாள்.

இது எதற்கு என்று ஹாரன் கையால் கேட்டான். இவ்வளவு மங்கலில் அவளுக்கு உதடு தெரியாது என்பது அவன் எண்ணம். வீட்டில் குழல் விளக்கைப் போட்டுவிட்டுத்தான் அவளோடு பேசுவான், பாவம்.

"ராத்திரி வெளிய போகணும்னா ஜிப்பு தேடணும்ல," என்றாள்.

அவன் இரண்டு கையையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துக் காட்டினான், தூங்கு என்று. பிறகு மல்லாந்து படுத்தான். கத்தரி அவன் பக்கமாக ஒருக்களித்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். முதலில் அவளே பேச வேண்டும், பேசுங்கள் என்று கேட்க வேண்டும். கேட்டால் ஹாரன் வந்துவிட்டால்? இத்தனை பாடும் ஓர் ஆட்டுக்குட்டிக்காகவா? கேட்காமலே கிடந்தாள். துணிக்கு அந்தப் பக்கம் காற்று அசைவதும், கூடாரம் மூச்சு விடுவது போல ஏறி இறங்குவதும் மூடிய இமையில் தெரிந்தது.

அப்போது தலையணை அதிர ஆரம்பித்தது.

வழக்கமான அதிர்வு. அதற்குள் குறட்டையா என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் திறந்தாள்.

அவன் கண் திறந்திருந்தது. கூடாரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான். உதடு அசைந்துகொண்டிருந்தது.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிட்டதாக நினைக்குமாம். இந்தப் பூனை கண்ணைத் திறந்துகொண்டே அப்படி நினைத்திருந்தது. மல்லாந்து படுத்தவனின் உதட்டைப் பக்கவாட்டில் படிப்பது லேசு இல்லை, பாதிச் சொல் நழுவியது. கத்தரி மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள்.

"...எல்லாரையும் சிரிக்க வச்சேன், பாத்தியா. நீயும் சிரிச்ச. நீ சிரிக்கிறப்ப பழைய மாதிரியே இருக்க..." கொஞ்சம் நழுவியது. "...பிடிக்கல எனக்கு, சிரிச்சு சிரிச்சு வாய் வலிக்குது. உன்கிட்ட பேசணும். தினமும் பேசறேன், நீ தூங்கிடுற..."

தினமும்.

கத்தரியின் கன்னம் தலையணையில் இருந்தது. இரண்டு வருஷத்து அதிர்வும் ஒரே சமயத்தில் அங்கே வந்து நின்றது. குறட்டையாவது ஒன்றாவது! ராத்திரிக்காரன் எங்கேயும் போகவில்லை. ஒரு ராத்திரிகூடத் தவறாமல் அவள் பக்கத்திலேயே இருந்திருக்கிறான்.

"...டாக்டர் சொன்னத இன்னிக்காவது எழுதிக் காட்டலாம்னு பேனாகூட எடுத்துட்டு வந்தேன். முடியல. ஒரு நாள் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா ஒரு காதையாவது காப்பாத்தியிருக்கலாம்னு சொன்னாரு. ரெண்டாம் நாளே காது இரையுதுன்னு நீ சொன்ன. நான்தான் படுத்துத் தூங்கு, சரியாப் போயிடும்னேன். எவனோ லீவு கேட்டான்னு அவன் டூட்டியையும் சேத்து ஓட்டப் போனேன். ஓட்டிட்டு வந்து உன்னக் கூப்பிட்டேன். நீ திரும்பிப் பாக்கல..."

அவன் கண்ணிலிருந்து ஒரு கோடு காதுப் பக்கம் இறங்கி ஓடியது. அந்த மங்கலில் அதுவும் தெரிந்தது.

கத்தரிக்கு முதலில் வந்தது கோபம். சுத்தமான கோபம், காலிலிருந்து தலைவரை. ஒரு காது! அதில் மழை கேட்டிருக்கும், மெஷின் கேட்டிருக்கும், இவன் குரல் கேட்டிருக்கும். அதைவிட, அந்த மூன்று வார்த்தைச் சீட்டு. அவள் காதைப் பற்றிய விஷயம், அதை அவளிடம் சொல்லாமல் இருட்டிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். எழுந்து உட்கார்ந்து நான்கு அறை விட வேண்டும் போல இருந்தது.

அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். மன்னிச்சிடு என்று சொன்னான். மறுபடியும் சொன்னான். சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன சொல்லாக அது அவன் உதட்டில் வந்தது. எத்தனை நூறு தடவை சொல்லியிருப்பான்? ஒரு தடவைகூட அவளுக்கு வந்து சேரவில்லை என்று தெரிந்தேதான் சொல்லியிருக்கிறான். கோபம் போகவில்லை. ஆனால் அதற்குப் பக்கத்தில் வேறொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது.

"ரெண்டு வருஷமா," என்றாள் கத்தரி, "செவிடி காதுல சங்கு ஊதிட்டு இருந்திருக்கீங்க."

ஹாரனின் உதடு நின்றது.

"இப்பக் கேக்குது," என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னோம் என்று அவள் நினைத்தாள். பக்கத்துக் கூடாரத்தில் விளக்கு எரிந்தது. அதற்குப் பக்கத்திலும் எரிந்தது. என்னவோ ஏதோ என்று கரை நெடுக ஒவ்வொன்றாக எரிந்து, துணிச்சுவரெல்லாம் வெளுத்தன. ஹாரன் அவற்றைப் பார்க்கவில்லை. கேனைப் பார்த்தான், அதன் கோதுமைச் சட்டையைப் பார்த்தான், அது எதற்காகத் தைத்தது என்று அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. கை தானாக விளக்கை அணைக்க நீண்டது.

கத்தரி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோவம் இருக்கு. நிறைய இருக்கு. அதப் பகல்ல பாத்துக்கலாம்," என்றாள். "இப்ப என் பக்கம் திரும்பிப் படுங்க. பாதி சரியாத் தெரியல. முதல்லருந்து சொல்லுங்க."

வெளியே விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கூடாரத்துக்குள் பழைய சாம்பல் வெளிச்சம் மறுபடி வந்து நின்றது. ஹாரன் என்று நாம் பெயர் வைத்திருந்தவன் கொஞ்ச நேரம் வாயைத் திறந்து திறந்து மூடினான். ஒரு வேடிக்கையும் வரவில்லை. பிறகு அவள் பக்கம் திரும்பிப் படுத்து, முதல் நாள் காய்ச்சலிலிருந்து ஆரம்பித்தான்.